செருப்புக்குக் காவல் இருந்தவள்

ஆமத்தூர் இருளம்மாளுக்குக் கால் எப்படிப் போயிற்று என்பதற்கு ஊரில் பதினேழு கதைகள் உண்டு. பதினேழும் பொய். பட்டாசு ஆலையில் வெடித்து, கால் இரண்டும் திருத்தங்கல் ரயில் தண்டவாளம் வரைக்கும் பறந்துபோய் விழுந்தன என்பது ஒன்று. விழுந்த காலில் கொலுசு அப்படியே இருந்தது என்று அதற்கு ஒரு சாட்சியும் உண்டு. கால் இரண்டும் இன்றைக்கும் அவள் இடுப்புக்குக் கீழே மடங்கிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டேதான் இதைச் சொல்வார்கள்.

உண்மை ஒரு வரிதான். இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம். ஆனால் சிவகாசிப் பக்கத்தில் கால் விளங்காத ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டால் வெளியூர்க்காரர்களுக்கு வெடிச்சத்தம் கேட்டே ஆக வேண்டும். கேட்கவில்லை என்றால் வந்த களைப்பெல்லாம் வீணாகிவிட்டது போல முகம் சுருங்கிவிடும்.

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. இரண்டு கைகளிலும் ரப்பர்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, தரையில் கையூன்றி நகர்ந்துதான் நடமாட்டம். தூரமாகப் போக மூன்று சக்கர ஸ்கூட்டர் இருக்கிறது. அந்தக் கைகளின் பலத்தைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒருமுறை அவள் வேலை பார்க்கும் பட்டாசு ஆலையின் கிணற்றில் விழுந்த ஆட்டுக்கிடாயைக் கயிறு கட்டி ஒற்றை ஆளாய் இழுத்து மேலே போட்டாள். கிடாய் வெளியே வந்தபோது கூடவே கிணற்றுத் தண்ணீரும் பாதி வந்துவிட்டது என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்க வந்த ஒருவன், "இதுக்குச் சமைக்கத் தெரியுமா?" என்று அவளை விட்டுவிட்டு அவள் தம்பி செல்வக்குமாரிடம் கேட்டான். "இதுக்கு விரட்டவும் தெரியும்" என்று பதில் இவளிடமிருந்து வந்தது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவளுக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. கால் விளங்கவில்லையே என்பதல்ல அது. செருப்பு.

வருடா வருடம் செல்வக்குமார் குடும்பத்தோடு வேன் பிடித்துத் திருச்செந்தூர் போவான். எல்லாரும் கடலில் குளிக்க இறங்குவார்கள். இறங்கும் முன் செருப்புகளையும் பைகளையும் கொண்டுவந்து இருளம்மாளைச் சுற்றி அடுக்குவார்கள். "யக்கா, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். "நீ வாறியா?" என்று ஒருவர், ஒரே ஒருவர், ஒரு வருடமாவது கேட்டிருக்கலாம். வேனில் வரும் மற்றக் குடும்பங்களும் சேர்த்து வைத்துவிட்டுப் போகும். இருபது வருடத்தில் அவள் காவல் காத்த செருப்புகளை வரிசையாக வைத்தால் விருதுநகரில் தொடங்கிக் காரியாபட்டியைத் தாண்டிவிடும். கடல் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், "ரப்பர் வாசம் அடிக்கும்" என்பாள்.

இப்படிப்பட்டவளின் ஊருக்குக் கடலே வந்ததுபோல ஒரு காரியம் போன கார்த்திகையில் நடந்தது. மழை நன்றாகப் பெய்து, ஆமத்தூர்ப் பக்கத்துக் கண்மாய் கரை தளும்ப நின்றது. தூத்துக்குடியிலிருந்து ஒரு லாரியில் நான்கு சின்னப் பாய்மரப் படகுகள் வந்து இறங்கின. மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்கென்றே செய்த படகுகள். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் தாழ உட்காரலாம். அடியில் கனமான தகடு தொங்குவதால் லேசில் கவிழாது. நடுவில் சைக்கிள் பம்பு மாதிரி ஒரு கைப்பிடி. அதைத் தள்ளும் பக்கம் படகு திரும்பும். காற்றைப் பிடிக்கவும் விடவும் ஒரு பாய்க்கயிறு. அவ்வளவுதான். கால் என்ற சங்கதிக்கு அந்தப் படகில் வேலையே இல்லை.

கொண்டுவந்தவர் ஊர்க்காவலன். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். கூட நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, சம்பளம் இல்லாமல், ஊர் ஊராகப் போய் இப்படிக் கற்றுக்கொடுப்பவர். மூன்று நாள் பயிற்சி, நான்காம் நாள் விழா. நன்றாக ஓட்டும் நான்கு பேர், தை மாதம் தூத்துக்குடிக் கடலில் படகு விடலாம்.

இருளம்மாள் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான்.

விழாவுக்குச் சாப்பாடும் பந்தலும் கொடுத்தவர் சீனிவாசகம். இருபத்திரண்டு வருடமாக இருளம்மாள் வேலை பார்க்கும் பட்டாசு ஆலையின் முதலாளி. சேவைச் சங்கம் ஒன்றின் தலைவர். அவருடைய கம்பெனிக் காலண்டரில் தீபாவளி மாதத்துப் பக்கம் மட்டும் அச்சாகாமல் காத்திருந்தது. படகில் ஒரு மாற்றுத்திறனாளியோடு தாம் உட்கார்ந்திருக்கும் படம் அதில் வர வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. தர்மம் செய்வது தப்பில்லை. தர்மம் செய்யும் முன்பே அதற்குக் காலண்டரில் இடம் பிடித்து வைப்பதை என்னவென்று சொல்வது?

முதல் நாள் காலை இருபது பேர் வந்திருந்தார்கள். மஞ்சள் பனியன் போட்ட கல்லூரிப் பிள்ளைகள் தொண்டர்களாக ஓடியாடினார்கள். நல்ல பிள்ளைகள்தான், ஆனால் யாரையும் கேட்காமல் தூக்கினார்கள். இருளம்மாள் ஸ்கூட்டரை நிறுத்திச் சாவியை எடுப்பதற்குள் இரண்டு பேர் அவளைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டுபோய் நாற்காலியில் வைத்துவிட்டார்கள். கைச்செருப்பு ஒன்று வழியிலேயே விழுந்தது.

"யப்பா, நான் லோடு இல்லப்பா. வாயி இருக்கு. கேட்டுட்டுத் தூக்குங்க" என்றாள்.

தொண்டர்களுக்குத் தலைவன் சீனிவாசகத்தின் அக்கா மகன் ஹரிபிரசாத். கையில் நோட்டு. அவன் அவளைப் பார்க்காமல், கூட வந்த பானுப்பிரியாவிடம் கேட்டான்: "இவங்க சாப்பிட்டாங்களா?"

பானுப்பிரியா அதே ஆலையில் அடுத்த அறையில் வேலை பார்ப்பவள். இருளம்மாளுக்குப் பக்கத்து வீடு. "அவுகளக் கேளுங்க தம்பி. காது நல்லாவே கேக்கும். எங்க வீட்டுல குழம்பு கொதிக்கிறது அவுக வீட்டுக்குக் கேக்கும்" என்றாள்.

அதற்கப்புறம்தான் அந்த வினை நடந்தது. பந்தலின் ஒரு மூலையில், மிதவைச் சட்டைகளைக் குவித்து வைத்திருந்தார்கள். தண்ணீரில் விழுந்தால் ஆளை மிதக்க வைக்கும் சட்டை. அதை மாட்டாமல் யாரும் படகில் ஏறக்கூடாது. ஹரிபிரசாத் ஒன்றை எடுத்து நீட்டினான். இருளம்மாள் துணியை விரலால் தடவிப் பார்த்தாள். நைலான். முன்பக்கம் உலோகப் பல் வைத்த ஜிப். தலையை ஆட்டினாள்.

"போட மாட்டேன் தம்பி."

"ஏன்?"

"தப்பு."

"இதுல என்ன தப்பு?"

அவள் கொஞ்ச தூரத்தில் நின்ற சீனிவாசகத்தைப் பார்த்தாள். அவர் சொல்வார் என்று பார்த்தாள். அவர் அருகே வந்து, சட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிரித்தார்.

"பயப்படுது. விடு, ஹரி. தண்ணியையே பாக்காத சனம். கயித்துல கட்டிக் கரையோரமா ஒரு சுத்து சுத்திக் காட்டுவோம், அது போதும்."

ஹரிபிரசாத் நோட்டில் எழுதினான்: 'இருளம்மாள். பயம். பயணியாக மட்டும்.' பயணிகளுக்குக் கைப்பிடி கிடையாது. பயணிகளுக்குக் கடல் கிடையாது.

இங்கேதான் வயிறு எரிகிறது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன், ஆலையில் சேர்ந்த முதல் வாரம், தம்பி கல்யாணத்துக்கு எடுத்த நைலான் சேலையைக் கட்டிக்கொண்டு இருளம்மாள் வேலைக்குப் போனாள். அவளை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியவர் இதே சீனிவாசகம். "நைலான் உரசினாப் பொறி வரும். ஒம் புதுச்சேலைக்காகப் பத்து உசுரு போகணுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அவர் கேட்டது நியாயம். இப்படிப்பட்ட விதிகளை ஆலைச் சுவரெல்லாம் போர்டில் எழுதி வைத்திருப்பவர் அவர். அன்றைக்குத் தொட்டு அவள் உடம்பில் பருத்தியைத் தவிர வேறு நூல் பட்டதில்லை. தலையில் ஊசி இல்லை, கையில் உலோக வளையல் இல்லை. மருந்து அறைக்குள் போகும் முன் உடம்பிலுள்ள மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். எல்லாரும் அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நிற்பவர்களின் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது அது. ஒரு முழம் கீழே இன்னொன்று பதியுங்கள் என்று இருபத்திரண்டு வருடமாகக் கேட்கிறாள். பதிக்கவில்லை. அதனால் அவள் கதவுநிலையைப் பிடித்து, ஒரு கையில் உடம்பைத் தூக்கி, மறு கையை எட்டித் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள். ஒரு நாளும் தொடாமல் போனதில்லை. சட்டம் போட்டவர் மறந்துவிட்டார். சட்டத்தைக் காப்பாற்றியவளுக்குப் பயந்தாங்கொள்ளிப் பட்டம்.

இன்னொன்றும் இருந்தது. மிதவைச் சட்டைகளை எதன் மேல் குவித்திருந்தார்கள் தெரியுமா? விழா அன்றைக்கு விடுவதற்காக முதலாளி அனுப்பியிருந்த வாணவெடிப் பெட்டிகளின் மேல். இருபது நைலான் சட்டைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, வெயிலில், மருந்துப் பெட்டிகளின் மேல். அதை நாலு பேர் நடுவில் வாய்விட்டுச் சொன்னால் முதலாளிக்கு மரியாதைக் குறைவாகிவிடும் என்று அவள் வாயை அடக்கிக்கொண்டாள். அவர் மரியாதையை அவள் காப்பாற்றினாள். அவளுடையதை அவர் ஒரு சிரிப்பில் தீர்த்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பானுப்பிரியா கேட்டாள். "ஏன்க்கா போட மாட்டேன்னு சாதிச்ச? நீ பயப்படுற ஆளா?"

"நைலான்டி."

பானுப்பிரியா அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யக்கா, கண்மாய்த் தண்ணிக்குள்ள எங்கனக்கா தீப்பிடிக்கும்? படகுல மருந்தா ஏத்துறாக?"

இருளம்மாள் தன் விரல்களைப் பார்த்தாள். "அது எனக்குத் தோணலடி. நைலானத் தொட்டதும் கை தானா விட்டுருச்சு" என்றாள். பிறகு குரல் ஏறியது. "எனக்குத் தோணல, சரி. அந்த மனுசனுக்குமா தோணல? அம்புட்டு வருசம் போர்டு எழுதி வச்சவருக்கு? நான் பயந்தவளாம். என்னைப் பாத்து."

"நாளைக்குப் போயிச் சொல்லிருக்கா."

"சொல்லுவேன். அவருகிட்ட இல்ல. படகுக்காரருகிட்ட."

மறுநாள் அவள் ஊர்க்காவலனைத் தனியாக அழைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. அவள் சொல்லி முடித்ததும் நேராகப் பந்தல் மூலைக்குப் போனார். சட்டைகளைத் தூக்கிப் பார்த்தார். கீழே பெட்டிகள். அவர் முகம் வெளுத்த வெளுப்பில் பந்தல் துணி கறுத்துத் தெரிந்தது. பதினைந்து நிமிடத்தில் பெட்டிகள் அத்தனையும் கரைக்கு அப்பால், ஆளில்லாத இடத்துக்குப் போய்விட்டன.

திரும்பி வந்து, "தாயி, இந்தப் பந்தலுக்குள்ள புத்தி இருந்தது ஒங்களுக்கு மட்டுந்தான். இப்பச் சட்டை போடுவீகளா?" என்று கேட்டார்.

"இப்பப் போடுவேன்."

"தூக்கி வைக்கட்டுமா, நீங்களே ஏறிக்கிடுவீகளா?"

இருளம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். நாற்பத்து மூன்று வருடத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்ட முதல் ஆள் அவர். "நானே ஏறிக்கிடுதேன். படகு ஆடாமப் பிடிச்சுக்கோங்க, அது போதும்."

ஏறும் முன் பாய்மரத்தின் உலோகக் கம்பத்தை உள்ளங்கையால் ஒருமுறை தொட்டாள். பழக்கம். ஊர்க்காவலன் என்னவென்று கேட்டு, தெரிந்துகொண்டார். அதற்கப்புறம் அவரும் தொட்டுவிட்டுத்தான் ஏறினார்.

நோட்டில் எழுதியிருப்பதை அடிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. யார் யார் கடலுக்கு என்று முடிவு செய்வது சங்கத்தின் வேலை என்று பேச்சு. "ஆனா பயணி கைய மடியில கட்டி வைக்கணும்னு நோட்டுல எழுதலையே" என்று சொல்லிக் கைப்பிடியை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் வேலையே உட்கார்ந்து செய்யும் வேலை. சரவெடி பின்னிய காலத்தில் நூறு திரிகளை ஒரே மூச்சில் பின்னி முடிச்சுப் போட்ட விரல்கள். மருந்து அறையில் காற்று என்றால் எதிரி. தூசியைக் கிளப்பும், பொறியைக் கொண்டுவரும். இரண்டு வாசலுக்கு நடுவே இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து, கன்னத்தில் படும் காற்றை வைத்தே அது எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று அவள் சொல்லுவாள். போர்மேன் வேலையை நிறுத்தச் சொல்வதற்குப் பத்து நிமிடம் முன்பே அவள் கை நின்றுவிடும். அந்தக் காற்று இப்போது அவள் பிடித்த கயிற்றில் வேலை செய்தது. வாடை அடித்தது; கயிற்றைத் தளர்த்தினாள். தணிந்தது, இழுத்தாள். மூன்றாவது சுற்றில் ஊர்க்காவலன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான்காவது சுற்றில், தாம் எதற்கு இந்தப் படகில் இருக்கிறோம் என்று யோசித்தார்.

"ஒண்ணு கவனிச்சீகளா?" என்றாள் இருளம்மாள். "இதுல எல்லாரும் உக்காந்துதான் ஆகணும். நிக்க முடியாது. மொத தடவையா ஒரு ஆம்பள என்னையக் குனிஞ்சு பாக்காமப் பேசுறாரு."

மூன்றாம் நாளும் அப்படியே ஓட்டினாள். கரையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். சாயங்காலம் ஹரிபிரசாத் கடலுக்குப் போகும் நான்கு பேரின் பெயரை வாசித்தான். அவள் பெயர் இல்லை.

"தம்பி, நான் ஓட்டுனத நீ பாக்கலையா?" என்று கேட்டாள்.

"பாத்தேங்க. ஆனா நீங்க பயணி லிஸ்ட்ல இருக்கீங்க. மாமா முடிவு பண்ணிட்டாங்க. நாளைக்கு மாமாவோட போட்டோ உங்களுக்குத்தான்" என்று ஏதோ பரிசு கொடுப்பதுபோலச் சொன்னான்.

கண்ணால் பார்த்ததை நோட்டு பொய்யாக்கிவிட்டது. படித்த பிள்ளை. எழுதியிருப்பதை வாசிக்க மட்டும் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

நான்காம் நாள் விழா. ஒலிபெருக்கிக்காரர் வழக்கம்போலத் தொடங்கினார்: "வெடி விபத்தில் தன் இரு கால்களையும் பறிகொடுத்த வீரமங்கை இருளம்மாள்..." மேடையிலிருந்த சீனிவாசகம் எழுந்து ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினார். "எங்க கம்பெனியில இல்லைங்க, எங்க கம்பெனியில இல்லை." கூட்டம், அப்படியானால் எந்தக் கம்பெனி என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டது. கீழே உட்கார்ந்திருந்த இருளம்மாள், "எந்தக் கம்பெனியும் இல்ல, போலியோ" என்று சத்தமாகவே சொன்னாள். அவளிடம் மைக் இல்லை.

படம் எடுக்கும் நேரம் வந்தது. முதலாளி வெள்ளை வேட்டி சட்டையின் மேல் மிதவைச் சட்டையை மாட்டி, மாலையோடு, படகில் உட்கார்ந்தார். மாலையின் கனத்துக்கே படகு நாலு விரல்கடை தாழ்ந்தது. பக்கத்தில் இருளம்மாள், தானாக ஏறி. படகின் பின்னால் ஒரு கயிறு. மறுமுனை கரையிலிருந்த கருவேலமரத்தில். பாய் விரித்திருந்தது, பார்ப்பதற்கு. போட்டோக்காரர் கரையிலிருந்து, "அம்மா, நீங்க ஐயாவக் கையெடுத்துக் கும்பிடுற மாதிரி இருங்க. ஐயா, நீங்க அந்தக் கைப்பிடியப் பிடிச்சு ஓட்டுற மாதிரி இருங்க" என்றார்.

சீனிவாசகம் கைப்பிடியைப் பிடித்தார். இருளம்மாள் கும்பிடவில்லை.

"கும்பிடும்மா, நேரமாகுது" என்றார் அவர்.

"இருங்கய்யா. கை வேலையா இருக்கு."

அவள் இடது கை பின்னால் போயிருந்தது. நூறு திரி முடிச்சு தெரிந்த விரல்களுக்கு அந்த ஒரு முடிச்சு என்ன பாடு? கயிறு தண்ணீரில் விழுந்தது. வாடை பாயில் நிறைந்தது. கரை பின்னால் போகத் தொடங்கியதை முதலில் கண்டுகொண்டவர் போட்டோக்காரர். ஐயா படத்தில் சிறுத்துக்கொண்டே போனார்.

"ஏய், என்ன இது, கயிறு எங்க?"

"கரையில இருக்குய்யா. கைப்பிடிய விடுங்க, நான் பிடிச்சுக்கிடுதேன்."

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். படகு ஒருபக்கம் சாய்ந்தது. கண்மாயிலிருந்த கெண்டைமீன்கள் அத்தனையும் தலையை நீட்டிப் பார்த்தன.

"உக்காருங்க. வேலை நேரத்துல எந்திரிச்சு நடமாடக்கூடாது. நீங்க எழுதி வச்ச போர்டுதான்" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். பின்னால் ஊர்க்காவலன், பாதுகாப்புக்கென்று வைத்திருந்த மோட்டார் படகில் அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தார். சீனிவாசகம் அவருக்குக் கை காட்டினார். அவரும் மரியாதையாகத் திருப்பிக் கை காட்டினார்.

நடுக்கண்மாயில் காற்று சட்டென்று நின்றுவிட்டது. பாய் தொங்கியது. கரையின் சத்தம் கேட்கவில்லை. முதலாளி மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அது இல்லாமல் ஆள் சின்னதாகத் தெரிந்தார்.

"நீ பயப்படுறேன்னுதானே..." என்று தொடங்கினார்.

"ஐயா போட்டிருக்கிற சட்டை என்ன துணி?"

அவர் குனிந்து தடவிப் பார்த்தார். "நைலான்."

"எனக்கு நைலான் ஆகாதுன்னு சொன்னது ஆரு?"

  இருபத்திரண்டு வருடம் அவர் முகத்தில் மெல்ல வந்து சேர்ந்தது.

"மருந்துப் பெட்டி மேல இதக் குவிச்சிருந்தாக. ஒங்க பெட்டி. நாலு பேரு முன்னால ஒங்களச் சொல்ல எனக்கு வாய் வரல. ஒங்களுக்கு வந்துச்சு."

"அன்னைக்கே தனியா வந்து எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"தகடு ஒரு முழம் கீழ வைங்கன்னு தனியா வந்து எத்தன தடவ சொன்னேன்?"

 இருளம்மாள் இடது கன்னத்தைத் திருப்பினாள். "இந்தா வருது. பிடிச்சுக்கோங்க" என்றாள். அவர் எதைப் பிடிப்பது என்று தேடுவதற்குள் பாய் நிறைந்துவிட்டது.

திரும்புவதுதான் கஷ்டம். காற்று கரைப்பக்கமிருந்து வந்தது. எதிர்க்காற்றில் நேராகப் போக முடியாது. சாய்ந்து ஒருபக்கம், மறுபடி சாய்ந்து மறுபக்கம் என்று ஏணி ஏறுவதுபோல ஏற வேண்டும். சீனிவாசகத்துக்கு அது தெரியாது.

"கரை அங்கன இருக்கு, நீ எங்கன போற?"

"கரைக்குத்தான் போறேன்."

"கரையை விட்டுத் தள்ளிப் போறியே."

"காத்த எதுத்து நேராப் போனா நின்னுரும்யா. ஒரு நிமிசம் பேசாம இருங்க."

ஒன்பது திருப்பம். ஒவ்வொன்றிலும், "தலையக் குனிங்க" என்பாள், பாயின் கீழ்க்கட்டை தலைக்கு மேலே கடக்கும், அவர் குனிவார். ஒன்பது முறை முதலாளி அவளுக்கு முன்னால் தலை குனிந்தார் என்று ஆமத்தூரில் சொல்கிறார்கள். ஒன்பதாவது முறை அவள் சொல்லாமலே குனிந்தார் என்பதும் உண்டு. படகு கருவேலமரத்துக்கு நேராக, மோதாமல், தொட்டு நின்றது.

கரையில் இறங்கியதும் சீனிவாசகத்துக்குத் தைரியம் வந்துவிட்டது. "கட்டுப்பாடு இல்லாத வேலை இது" என்றார் ஹரிபிரசாத்திடம். "இப்படிப்பட்டவங்களக் கடலுக்கு எப்படி அனுப்புறது?"

"கயித்த அவுத்தது தப்புதான் தாயி. கடல்ல சொல்லாம அவுத்தா நானே எறக்கி விட்டுருவேன்" என்றார் ஊர்க்காவலன். அவர் அதைச் சிரிக்காமல்தான் சொன்னார். இருளம்மாள் தலையாட்டினாள். பிறகு அவர் சீனிவாசகத்தின் பக்கம் திரும்பினார். "ஆனா ஐயா, படகு தெரியாத ஒருத்தர, அதுவும் எந்திரிச்சு ஆடுற ஒருத்தர, எதிர்க்காத்துல பத்திரமாக் கொண்டாந்து சேத்திருக்காக. நீங்க எடுத்த நாலு பேருல மூணு பேரு நேத்து கருவேல முள்ளுக்குள்ள போயி நின்னாக. படகு என்னோடது. இவுக இல்லாத லிஸ்டுக்கு நான் படகு தர மாட்டேன்."

 இருளம்மாள் கைச்செருப்பை மாட்டிக்கொண்டு ஹரிபிரசாத்துக்கு எதிரே நகர்ந்து வந்தாள்.

"நோட்ட எடு தம்பி. எழுது. இன்னைக்கு ஓட்டுனது இருளம்மாள். பயணி..."

அவன் மாமாவைப் பார்த்தான்.

"என்னையப் பாத்து எழுது."

எழுதினான். 'பயணி: சீனிவாசகம்.' கொஞ்சம் தயங்கி, 'பயம்' என்றும் பக்கத்தில் எழுதியதாக ஒரு பேச்சு உண்டு. அது பானுப்பிரியா கிளப்பிவிட்டதாக இருக்கலாம். கடல் பட்டியலில் ஐந்தாவதாக ஒரு பெயர் சேர்ந்தது.

காலண்டர் வந்தபோது தீபாவளி மாதத்துப் பக்கத்தில் ஏதோ வெளிநாட்டு ஏரி இருந்தது. பனிமலை, நீலத்தண்ணீர், ஒரு பாய்மரப் படகு, அதில் வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர். ஆமத்தூர்க் கண்மாயில் அப்படி ஒரு நாள் நடந்ததற்கு அச்சில் சாட்சி இல்லை. செம்புத் தகடும் அதே உயரத்தில்தான் இருக்கிறது. தைப்பொங்கல் கழிந்து ஆலை திறந்த அன்றும் அவள் கதவுநிலையைப் பிடித்துத் தொங்கித்தான் அதைத் தொட்டாள். அன்றைக்கும் கேட்டாள். "பாக்கலாம்" என்றார்கள்.

தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடிக்குச் செல்வக்குமார் குடும்பத்தோடு வேனில் போனான். கடற்கரையில் ஐந்து படகுகள்; ஐந்தாவது ஊர்க்காவலன் புதிதாகக் கொண்டுவந்தது. காலை வெயில். பானுப்பிரியா மிதவைச் சட்டையின் ஜிப்பை இழுத்துவிட்டாள். பழக்கத்தில் செல்வக்குமார் தன் செருப்பையும் பிள்ளைகள் செருப்பையும் கழற்றி இருளம்மாள் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தான்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் செருப்பைத் திரும்ப எடுத்தான்.

இருளம்மாள் இரண்டு கைகளிலிருந்தும் தன் ரப்பர்ச் செருப்பைக் கழற்றினாள். ஈர மணலைத் தட்டி, ஜோடி சேர்த்து, தம்பியின் கையில் வைத்தாள்.

"பாத்துக்கோ. நாய் தூக்கிட்டுப் போயிரும். அங்கிட்டு இங்கிட்டு நகந்துராத" என்றாள்.

வெறுங்கையை மணலில் ஊன்றித் தண்ணீர் விளிம்புவரை நகர்ந்து, பாய்மரக் கம்பத்தைத் தொட்டுவிட்டுப் படகில் ஏறினாள். அவள் திரும்பி வர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. செல்வக்குமார் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.